பொனட்டுக்கு முன்னால்

இத்தாலியில், கால்சா என்ற பழைய நகரப்பகுதியில், நான் ஒன்பது வருஷம் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பல் டொக்டர். மனுஷர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்மஸுக்கு என் கையில் ஒரு பொதி தராமல் விடமாட்டார். என் மகளின் பல்வரிசைக்கு ஒரு சதமும் வாங்காமல் கம்பி போட்டுவிட்டவர். வெளியாட்களிடம் பேசும்போது என்னை 'எங்கள் வீட்டு ஆள்' என்றுதான் சொல்வார்.

அவர் அமெரிக்காவிலிருந்து இறக்கின பிக்கப் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம். மலைப்பக்கம் ஒரு தோட்டம் வாங்கியிருப்பதாகவும், அதற்குத்தான் இந்த வாகனம் என்றும் சொன்னார். தோட்டத்துக்கு மாதம் ஒருதரம் போனாலே பெரிது. அதன் பின்பெட்டியில் ஒரு மண்வெட்டிகூட ஏறி நான் பார்த்ததில்லை.

கால்சாவின் ஒழுங்கைகள் கழுதைவண்டி போன காலத்தவை. டொக்டர் திருப்பங்களில் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் திருப்புவார். எதிரே வரும் சின்னக் கார்கள் பின்னோக்கிப் போய் வழிவிடும். நடந்து போகிறவர்கள் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். முற்றத்து வாசலுக்குள் அதை நுழைக்கப் பொறுமை இல்லாத நாட்களில் நடைபாதையில் ஏற்றி நிறுத்துவார். தள்ளுவண்டியில் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் ரோட்டில் இறங்கிப் போவார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

நான் நாலடி பத்தங்குலம். அந்த வாகனத்தின் பொனட் எனக்குத் தாடையளவு வரும். காலையில் குப்பை கொண்டுபோகும்போது அதைக் கடந்துதான் போவேன். அப்போதெல்லாம் அது எவ்வளவு அகலம் என்றுதான் யோசித்திருக்கிறேன். உயரத்தை யோசித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அன்று மத்தியானம் வீட்டுக்கு விருந்தாளிகள். சிஞ்ஞோரா, அதாவது டொக்டரின் மனைவி, போர்கோ வெக்கியோ சந்தையில் தனக்குத் தெரிந்த மீன்காரனிடம் வாள்மீன் சொல்லிவைத்திருந்தார். நான் போய் எடுத்துவர வேண்டும். வழக்கமாக நடந்துதான் போவேன். அன்று டொக்டர் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "ஏறு, வழியில்தானே, இறக்கிவிடுகிறேன்" என்றார்.

படியில் கால்வைத்து, கைபிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் தெரு கீழே போய்விட்டது. மற்றக் கார்களின் கூரைகள் தெரிந்தன. முன்னால் பார்த்தால் கறுப்புத் தகரம், அதற்கப்பால் தூரத்தில் ரோட்டு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எனக்கு வரவில்லை. உள்ளே குளிர் போட்டிருந்தார். சீட் மெத்தென்று இருந்தது. சுகமாக இருந்தது எனக்கு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சந்தைக்குத் திரும்பும் மூலையில் ஒரு பாதசாரிக் கடவை. எங்கள் ஊரில் மஞ்சள் கடவை என்போம். இங்கே வெள்ளை, அதுவும் பாதி அழிந்த வெள்ளை. எங்களுக்கு முன்னால் ஒரு மூன்று சக்கர வண்டி மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு நின்றது. டொக்டர் கடவைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். ஒரு நிமிஷமாவது நின்றிருப்போம். அவர் ஃபோனைத் தொடவில்லை. விருந்தாளிகளில் ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று சக்கர வண்டி நகர்ந்தது. அவரும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பிளாஸ்டிக் வாளி நெரிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு வெளியே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ ஒருவன் ஓடிவந்து பொனட்டில் இரண்டு கையாலும் அடித்தான். டொக்டர் பிரேக்கை மிதித்தார். "என்ன? என்ன நடந்தது?" என்று என்னைத்தான் கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் குதித்து இறங்கினேன். டயருக்குப் பக்கத்தில் ஒரு பெண் கிடந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வாளி உடைந்து, துடைப்பத்தடி தூரப் போயிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பங்களாதேஷ் பிள்ளையாக்கும் என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன்.

"ஐயோ அம்மா, என்ர கால்" என்றாள்.

நான் நிலத்தில் உட்கார்ந்து அவளுடைய தலையை மடியில் எடுத்தேன். "ஆட்டாதையும் தங்கச்சி, ஆட்டாதையும். அம்புலன்ஸ் வருது."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, எனக்கு இத்தாலியன் வராது. இவையளுக்குச் சொல்லுங்கோ. வண்டி நிண்டது. நிண்டதைப் பாத்துத்தான் இறங்கினனான். கையும் காட்டினனான் அக்கா."

அம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. மாநகரப் பொலிஸிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். டொக்டரின் முகம் வெள்ளைத்துணி போல இருந்தது. ஆனால் வாய் நன்றாகவே வேலை செய்தது. "திடீரென்று ஓடிவந்தாள். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்தாள். இவள் என் பக்கத்தில் இருந்தாள், இவளைக் கேளுங்கள்."

பொலிஸ்காரி என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

"நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. டொக்டர் பக்கத்தில் நின்றார். ஒன்பது வருஷமாக அவருக்கு முன்னால் 'ஓம்' என்று சொல்லிப் பழகின வாய் இது. பொலிஸ்காரி ஒரு வரி எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். மீனை வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். விருந்து நடந்தது. கோப்பைகளைக் கழுவும்போதுதான் என் பாவாடையில் காய்ந்திருந்த இரத்தத்தைக் கண்டேன்.

அடுத்த நாள் டொக்டர் ஒரு தாளோடு குசினிக்கு வந்தார். வக்கீல் எழுதிக் கொடுத்ததாம். எனக்கு இத்தாலியன் வாசிக்க வரும் என்பதை அவர் மறந்திருக்க வேண்டும், கையெழுத்து வைக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் மேலிருந்து வாசித்தேன். நடந்துபோனவர் ஃபோனைப் பார்த்தபடி, கடவைக்கு வெளியே, ஓடி வந்ததை நான் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருந்தது.

"டொத்தோரே, நான் அப்படிப் பார்க்கவில்லையே."

"பார்க்கவில்லை என்றால் ஓடிவரவில்லை என்றும் உனக்குத் தெரியாதுதானே?" என்றார். பிறகு குரலை மென்மையாக்கினார். "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. அடுத்த மாதம் உன் பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும், இல்லையா? அதற்கு என் ஒப்பந்தம் வேண்டும். நான் எப்போதாவது தராமல் விட்டிருக்கிறேனா?"

பெர்மெசோ என்பது இங்கே இருப்பதற்கான அனுமதி. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது இழுபடும். அவர் மிரட்டவில்லை. நினைவூட்டினார். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தாளைத் தந்தார்.

என் கணவர் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. தாளை இரண்டுதரம் வாசித்தார்.

"இஞ்சாரும், வைச்சுக் குடும் கையெழுத்தை. அந்தப் பிள்ளை ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது. எங்கட கோயிலுக்கும் வாறேல்லை."

"கோயிலுக்கு வராட்டி காலிலை வாகனம் ஏத்தலாமோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ? உம்மட பெர்மெசோவை நினைச்சுத்தான் சொல்லுறன். பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தை நினைச்சுத்தான் சொல்லுறன்."

"நான் காணாததைக் கண்டனான் எண்டு எப்பிடி எழுதுறது?"

"நீர் காணேல்லை எண்டு ஏற்கெனவே சொல்லிப்போட்டீர். இனி என்ன?"

அந்த 'இனி என்ன' எனக்குச் சுட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடம் சொல்லாமல் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவளுடைய காலில் வெளியே தெரிகிறபடி இரும்புக் கம்பிகள் பூட்டியிருந்தார்கள். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். வந்து இரண்டு வருஷம். மூன்று கட்டடங்களில் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. அன்று இரண்டாவது கட்டடத்திலிருந்து மூன்றாவதுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். என்னைக் கண்டதும் தலையணையில் எழும்பி இருக்கப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"அக்கா, நீங்கள் அதுக்குள்ளை இருந்தனியள்தானே" என்றாள்.

"ஓம்."

"என்னைக் காணேல்லையோ?"

"காணேல்லை தங்கச்சி."

"நான் சரியா முன்னாலைதானே நிண்டனான். கண்ணாடியைப் பாத்துத்தான் கையைக் காட்டினனான். கண்ணாடிக்குள்ளை ஆரோ இஞ்சாலை திரும்பின மாதிரி இருந்தது. சரி, கண்டிட்டார் எண்டு நினைச்சுத்தான் காலை எடுத்து வைச்சனான்." காட்டின கையை விரித்துப் பார்த்தாள். "சண்டைக்குள்ளையே தப்பி வந்தனான் அக்கா. அங்கை ஆர் எங்கையிருந்து வாறான் எண்டு தெரியும். இஞ்சை வெள்ளைக் கோட்டிலை நிண்டு..."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை போய்க் கோபம் வந்தது. முதலில் என்மேல். பிறகு அந்த வாகனத்தின்மேல். அவள் என்னைவிட ஒரு விரல் உயரமாக இருப்பாள். அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அதன் முன்னால் நான் இல்லாத ஆள்.

திங்கட்கிழமை காலை முற்றத்தில் வாகனம் நின்றது. டொக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். "தாள் கொண்டுவந்தாயா?"

"கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முதல் ஒரு உதவி, டொத்தோரே. ஏறி உங்கள் சீட்டில் உட்காருங்கள். எஞ்சினைப் போட வேண்டாம்."

சிரித்துக்கொண்டு ஏறினார். நான் போய்ப் பொனட்டுக்கு முன்னால், தகரத்தில் மூச்சுப்படுகிற தூரத்தில் நின்றேன். கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தினேன்.

"என்னைத் தெரிகிறதா?"

"எங்கே நிற்கிறாய்?" ஜன்னலால் அவருடைய குரல் மட்டும் வந்தது.

"இங்கே. உங்களுக்கு முன்னால்."

"விளையாடாதே. வெளியே வா."

ஓரடி பின்னால் வைத்தேன். "இப்போது?"

இன்னும் ஓரடி. இன்னும் ஓரடி. ஆறாவது அடியில், "தலைமயிர் தெரிகிறது" என்றார். அவருடைய குரலில் சிரிப்பு இருக்கவில்லை. எட்டாவது அடியில்தான் நான் அவருடைய கண்ணைக் கண்டேன், அவரும் என்னுடைய கண்ணைக் கண்டார். மேலே பால்கனியில் சிஞ்ஞோரா காப்பிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் இறங்கி வந்தார். "இது என்ன நாடகம்?"

"அந்தப் பிள்ளை ஓடிவரவில்லை. நின்றது. கை காட்டியது. நீங்கள் காணவில்லை, நானும் காணவில்லை. காண முடியாது. நான் எழுதுவதென்றால் இதைத்தான் எழுதுவேன்."

"யாருக்கு எழுதுவாய்?"

"கேட்கிறவர்களுக்கு."

"உன் மகளின் பல்லை நினைத்துப் பார்" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னவற்றில் மிகக் கேவலமானது அதுதான். சொன்னபிறகு அவருக்கே அது தெரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கையெழுத்து வைக்காவிட்டால் நாளைக்கு வர வேண்டாம்."

வீட்டுச் சாவியைக் கோர்வையிலிருந்து கழற்றுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. கழற்றி, கையெழுத்தில்லாத அந்தத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் பொனட்டில் வைத்தேன். எட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது.

"இன்றைக்கே வரவில்லை, டொத்தோரே" என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் எழும்பி உள்அறைக்குப் போய்விட்டார். பிறகு சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "பொலிசுக்குப் போகப்போறீர்தானே?"

"ஓம்."

"வாறன். ஆனா உள்ளுக்கு வரமாட்டன். உள்ளுக்கு வந்தா எனக்குக் கோவம் வந்திடும்."

"ஆரோடை?"

"தெரியேல்லை" என்றார்.

மாநகரப் பொலிஸ் நிலையத்தில் அதே பொலிஸ்காரிதான் இருந்தாள். வழக்குக் கோப்பைத் திறந்து பார்த்தாள். "நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்களே. இப்போது மாற்றிச் சொல்ல வந்திருக்கிறீர்களா?"

"மாற்றவில்லை. அதையேதான் திரும்பவும் சொல்கிறேன். நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை. அதை எழுதுங்கள்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நான் மூன்று சக்கர வண்டியிலிருந்து தொடங்கி, முற்றத்தில் எடுத்துவைத்த எட்டடி வரை சொன்னேன். அந்தப் பெண் என் மடியில் கிடந்துகொண்டு சொன்னதை, வார்த்தைக்கு வார்த்தை இத்தாலியனில் சொன்னேன். மூன்று நாள் பிந்தித்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"உங்கள் உயரம் என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் எழுந்து மேசையைச் சுற்றிவந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளும் பெரிய உயரமில்லை. "நானும் அந்த மூலையால்தான் சந்தைக்குப் போகிறேன்" என்றாள். பிறகு போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள்.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த வாகனத்தை அதே மூலைக்குக் கொண்டுவந்து பார்த்தார்களாம். பொலிஸ்காரியே கடவையில் நின்றாளாம். ஓட்டுநர் சீட்டில் இருந்தவருக்கு அவளுடைய தொப்பி மட்டும்தான் தெரிந்தது என்று மீன்காரன் எனக்குச் சொன்னான். அவன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறான். அன்று பொனட்டில் இரண்டு கையாலும் அடித்தவனும் அவன்தான், அன்றைய பதற்றத்தில் நான் முகத்தைக் கவனிக்கவில்லை. அவனும் போய்ச் சாட்சி சொன்னான்.

பிழை டொக்டருடையது என்று தீர்ந்தது. அவருடைய லைசன்ஸைக் கொஞ்ச மாதங்களுக்கு எடுத்து வைத்தார்கள். காப்புறுதிக்காரர் அந்தப் பெண்ணின் வைத்தியத்துக்கும் வேலையில்லாத காலத்துக்கும் பொறுப்பேற்றார்கள். அவ்வளவுதான். வாகனத்தை யாரும் பறிக்கவில்லை. அது இப்போதும் கால்சாவில் ஓடுகிறது, சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

என் பெர்மெசோ இழுபட்டது. பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகளில் அரைநாள் அரைநாளாக வேலை பிடித்து, இரண்டு ஒப்பந்தங்களையும் சேர்த்துக்கொண்டு பெர்மெசோ கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் விடிய ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன். ஐந்து மாதம் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கிடைத்தது. மகளின் கம்பியை வேறொரு டொக்டர் கழற்றினார். பல் நேராகத்தான் இருக்கிறது.

எங்கள் கோயில் பங்கில் சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு அக்கா பூசை முடிந்து வெளியே வரும்போது நேராகவே கேட்டா. "சோறு போட்ட வீட்டுக்கு எதிரா நிண்டனீர். இனி எங்கட சனத்தை ஆர் நம்பி வீட்டுக்குள்ளை விடுவினம்?"

"நான் ஒன்பது வருஷம் அந்த வீட்டிலை சமைச்சனான் அக்கா. சோறு போட்டது நான்தான்" என்றேன். அவ விறுக்கென்று திரும்பிப் போய்விட்டா. இரண்டு மாதம் கழித்துத் தன் வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் ஏற்றி நிறுத்துகிற ஒரு ஜீப்பைப் பற்றி எங்கே முறைப்பாடு செய்யலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்டா. கூட்டிக்கொண்டு போனேன்.

முல்லைத்தீவுத் தங்கச்சி ஊன்றுகோலை விட்டு நடக்க எட்டு மாதம் எடுத்தது. இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள், அது இனி மாறாது என்று சொல்லிவிட்டார்கள். படிக்கட்டு வேலை போய்விட்டது. இப்போது ஒரு தையல்கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவள் முதன்முதலாகச் சந்தைக்குப் போக விரும்பிய சனிக்கிழமை நான் கூடப் போனேன். அந்த மூலை கிட்ட வந்ததும் நான்தான் நின்றுவிட்டேன்.

"தங்கச்சி, மற்றப் பக்கத்தாலை சுத்திப் போவமோ?"

"ஏன் அக்கா? நான் என்ன பிழை செய்தனான்?"

கடவையில் இறங்கினாள். நானும் இறங்கினேன். ஒரு உயரமான வெள்ளை வாகனம் எங்கள் பக்கம் வந்து நின்றது. அவள் நேரே அதன் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, ஓட்டுகிறவன் தலையை நீட்டி வெளியே பார்க்கும் வரைக்கும் அந்த இடத்திலேயே நின்றாள். அவன் நீட்டிப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவள் தன்னுடைய வேகத்தில் காலை இழுத்து இழுத்துக் கடந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், அதே வேகத்தில் நடந்தேன்.